ஆறு மணிக்குக் கிளம்பின அண்ணிக்கு

என் சுலோ அண்ணி, என் கூடப் பிறக்காத பிறப்பே,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தவரை எழுத வேண்டிய தேவையே வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், ஒருத்தி தொடங்கின பேச்சை இன்னொருத்தி முடித்துக்கொண்டு இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது உனக்குச் சொல்ல இரண்டு சேதிகள் சேர்ந்துவிட்டன. யாரிடம் சொன்னாலும் அது உன்னிடம் சொன்னதாக ஆகாது. அதனால் எழுதுகிறேன். வேறு யாராவது படித்தாலும் படிக்கட்டும். உன்னைத் தெரியாதவர்களும் உன்னைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

'நீ' என்றுதான் எழுதப் போகிறேன். கல்யாணம் முடிந்து நீ நம் வீட்டுக்கு வந்த புதிதில் நான் 'வாங்க, போங்க' என்று பேசினேன். "இன்னாடி இது, மாமியார்கிட்ட பேசற மாதிரி? உனுக்கும் எனுக்கும் ஒரு வயசு வித்தியாசம் இருந்தா அதிகம். நீன்னே கூப்புடு" என்று நீதானே சொன்னாய்? அம்மாவுக்கு அது இன்றைக்கும் பிடிக்கவில்லை. செத்துப்போன மருமகளை நான் நீ, வா என்று பேசினால் கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

காஞ்சிபுரத்தில் தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பெண் நீ. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்திருந்தாய். உன்னை என் அண்ணன் தணிகாசலத்துக்குக் கட்டிவைத்தார்கள். அண்ணனுக்கு வல்லக்கோட்டை ஏரிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, ஒரு பம்பு செட். படிப்பு அஞ்சாம் வகுப்பு. நான் அப்போது இங்கிலீஷில் கோட்டைவிட்டு, எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலாகி, வீட்டில் மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு டெலிபோன் ஆபரேட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. சின்ன வயதில் உன் அப்பாவோடு நெசவாளர் சங்கத்துக்குப் போனபோது, அங்கே காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாயாம். அவள் "கொஞ்சம் இருங்க" என்றதும் சங்கத்துத் தலைவரே பேசாமல் நின்றாராம். "ஒரு பொம்பள இருன்னு சொல்லி, ஒரு ஆம்பள இருந்ததை அன்னிக்குத்தான் முதமுதல்ல பாத்தேன் மரகதம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

மறைமலை நகரில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் ஆபரேட்டர் வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று, ஸ்ரீபெரும்புதூரில் ஹையர் படிக்க நீ போய்க்கொண்டிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் யாரோ சொன்னார்கள். மனுப் போட்டாய். இன்டர்வியூவுக்கு அழைப்பும் வந்தது. அண்ணன் தடுக்கவில்லை. தடுப்பதற்கு அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. "நம்ம வூட்டுக்காரம்மா ஆபீசராவக் கிளம்பிட்டாங்கோ" என்று மாட்டிடம் சொல்வது போலச் சொன்னான். அம்மா மட்டும், "கழனில களை எடுக்க ஆளு இல்ல, இவ போன் எடுக்கக் கிளம்பிட்டா" என்று முனகினாள். கடைசியில், "தொணைக்கு மரகதத்த இட்டுகினு போ" என்று அண்ணன் அனுப்பிவைத்தான்.

அன்றைக்குக் காலையில் நாம் ஏரிக்கரை மேலே நடந்தது நினைவிருக்கிறதா? இளநீல 'வாயில்' துணிப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாய். சேற்றில் செருப்பு பாழாகிவிடுமாம். ரோட்டுக்கு வந்ததும் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, சிங்கப்பெருமாள்கோயில் போகிற பஸ்ஸில் ஏறினோம். ஒரகடம் தாண்டும் வரை நீ உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டே வந்தாய்.

கம்பெனியில் நீ உள்ளே போனாய். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த வயதான அதிகாரிதான் அதிகம் கேட்டார். பெயர், படிப்பு, ஊர் எல்லாவற்றுக்கும் நீ டக்டக்கென்று பதில் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் அவர் நிதானமாக ஒன்று கேட்டார்: "வாட் டிட் யூ செட் அவுட் டு டூ இன் லைஃப்?"

நீ யோசிக்கவே இல்லை. "ஐ செட் அவுட் அட் சிக்ஸ் ஓ கிளாக், சார்" என்றாய்.

எழுதிக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். பதில் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. "ஃபர்ஸ்ட் வாக்கிங், சார். தென் பஸ், சார்" என்று சேர்த்துச் சொன்னாய். உடனே மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அண்ணி. குழந்தை எதையாவது சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது மாதிரி. ஆனால் நீ குழந்தை இல்லையே?

வெளியே வந்தபோது உனக்கு நடந்தது இன்னதென்று தெரியவில்லை. "நல்லா பேசினாங்க, சிரிச்சிகினே பேசினாங்க" என்றாய். பஸ் ஸ்டாப்பில்தான் தெரிந்தது. இன்டர்வியூவுக்கு வந்திருந்த தாம்பரத்துப் பெண் ஒருத்தி நம்மோடு நின்றுகொண்டிருந்தாள். என்ன கேட்டார்கள் என்று அவள் கேட்க, நீ எல்லாவற்றையும் ஒப்பித்தாய். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா, அவர் கேட்டது நேரத்த இல்ல. வாழ்க்கையில இன்னா பண்ணணும்னு நெனச்சீங்கன்னு கேட்டாரு."

"செட் அவுட்டுன்னா கிளம்பறதுதானே? ஸ்கூல்ல அப்படித்தானே படிச்சோம்?"

"அதுவும் சரிதான் அக்கா. ஊருக்குக் கிளம்பினா 'செட் அவுட் ஃபார்'. அதுக்குப் பின்னாடி ஊர் பேர் வரும். ஒரு காரியத்த முடிச்சே தீரணும்னு மனசுல வச்சிகினு தொடங்கினா 'செட் அவுட் டு'. அதுக்குப் பின்னாடி செய்யற வேல வரும். அவரு 'டு டூ'ன்னு கேட்டாரில்ல? அப்போ உங்க நோக்கத்தத்தான் கேட்டாரு."

நீ தலையை ஆட்டினாய். பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்தும் நீ நின்றுகொண்டே வந்தாய். ஒரகடம் வந்தபோதுதான் என் பக்கம் குனிந்து, "ஒரு 'டு'வைக் கவனிக்காம வுட்டுட்டேன் பாரு" என்றாய். அவ்வளவுதான். உன் கண்ணில் தண்ணீர் இல்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் கேட்டார்கள். நான் மறைத்திருப்பேன். நீயே சொன்னாய், சிரித்துக்கொண்டே சொன்னாய். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "செட்டு அவுட்டா? பம்பு செட்டு அவுட்டானா மெக்கானிக்கக் கூப்புட வேண்டியதுதானே, உன்ன எதுக்குக் கூப்ட்டாங்கோ?" என்றான். அம்மா புரையேறச் சிரித்தாள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு உனக்கு எவ்வளவு கனமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். சிரித்து முடித்துவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவள், வெகுநேரம் வரவில்லையே.

வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. ஆனால் அந்த வார்த்தை உன்னை விட்டுப் போகவில்லை. வேர்க்கடலை உரிக்கும்போது, துணி அலசும்போது, திடீர் திடீரென்று அதைப் பற்றியே பேசுவாய். ஒருநாள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். நீ கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"மரகதம், இந்த வார்த்த நம்மகிட்டயும் கீது. கவனிச்சியா? 'ஆபீசராவக் கிளம்பிட்டா', 'ஊரத் திருத்தக் கிளம்பிட்டான்'. அதேதான். கிளம்பறதுன்னா வூட்ட வுட்டுக் கிளம்பறதும் உண்டு, ஒண்ணச் செய்யணும்னு கிளம்பறதும் உண்டு. ஆனா அவங்க அத மரியாதையா கேக்கறாங்க. எதிர்ல ஒக்கார வச்சி, நீ இன்னா செய்யக் கிளம்பினம்மான்னு கேக்கறாங்க. நம்மூர்ல அத கிண்டலுக்குன்னே வச்சிகினு கீறாங்க."

நான் எத்தனையோ தடவை அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். நானே பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

இன்ஸ்டிடியூட்டில் இருந்த பழைய இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தில் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தாய். 'செட்' என்பதற்கு இறந்தகாலத்திலும் 'செட்'தான், மாறாது என்று சொன்னாய். இன்னொன்றும் சொன்னாய். "அதுல போட்டிருக்கற வாக்கியம் எல்லாத்தையும் படிச்சேன். ஒருத்தன் கடை வைக்கக் கிளம்பினான், 'பட்', அதான் நம்ம 'ஆனா'. ஒருத்தி பாட்டுக் கத்துக்கக் கிளம்பினா, 'பட்'. முக்காவாசி வாக்கியத்துல பின்னாடியே ஒரு 'பட்' வந்து ஒக்காந்துகினு கீது. நடக்காமப் போனதச் சொல்லத்தான் இந்த வார்த்தய அதிகமா எடுக்கறாங்க போல." சொல்லிவிட்டு மறுபடி புளியில் கை வைத்தாய்.

அறுவடை வந்தது. அண்ணன் உன்னை இன்ஸ்டிடியூட்டுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தினான். கோபமாகச் சொல்லவில்லை. "ஒரு தபா போயி ஊர் சிரிச்சது போதும். கதிரு அறுக்க ஆளு வோணும்" என்றான். அறுவடை முடிந்தால் அனுப்புவான் என்று நினைத்தோம். அதற்குள் உனக்கு நாள் தள்ளிப்போனது. அண்ணன் மேல் எனக்கு அப்போது வருத்தம் இருந்தது. ஆனால் அவன் உன்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்தவன் இல்லை. தூக்கி எறிந்து பேசினவனும் இல்லை. நீ கேட்கிறது என்னவென்று அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதானா அண்ணி?

நீ சும்மா இருக்கவில்லை. "நான் போவலன்னா இன்னா, நீ மறுபடி பரிச்ச எழுது" என்று என் பழைய இங்கிலீஷ் புத்தகத்தைத் தேடி எடுத்தாய். நாம் இரண்டு பேரும் மாடு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம். எனக்கு வராதது உனக்கு வந்தது, உனக்கு மறந்துபோனது எனக்கு நினைவிருந்தது. சண்டை போட்டுக்கொண்டே படித்தோம். நான் பாஸானேன். ரிசல்ட் வந்த அன்றைக்கு வல்லக்கோட்டை முருகனுக்கு நீ தேங்காய் உடைத்தாய். உடைத்துவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாய். மூச்சு வாங்குகிறது என்றாய். பிள்ளைத்தாச்சிக்கு மூச்சு வாங்காதா என்றாள் அம்மா.

அது அந்த மூச்சு இல்லை என்று செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில்தான் தெரிந்தது. சின்ன வயதில் உனக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. பிள்ளை சுமக்கும்போது வெளியே தெரிந்தது. வசந்தி நல்லபடியாகப் பிறந்தாள். இனி அடுத்த பிள்ளை வேண்டாம், பாரம் தூக்கக் கூடாது, அதிக தூரம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். வீட்டுக்கு வந்ததிலிருந்து தண்ணீர்க் குடத்தை அவனே தூக்க ஆரம்பித்தான்.

வசந்தி தவழ ஆரம்பித்த சமயத்தில் அதே கம்பெனியில் மறுபடி ஆள் எடுத்தார்கள். நீ உன் பெயருக்கும் என் பெயருக்கும் மனுப் போட்டாய். இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. இந்தத் தடவை அண்ணன், "உடம்ப வச்சிகினு எதுக்கு?" என்று மட்டும் கேட்டான். "போயிட்டு வரேன். எடுக்கலன்னாலும் பரவால்ல. ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி கீது" என்றாய். அவனுக்கு எந்தக் கேள்வி என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்தப் பதிலை நீ எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாய்! 'டு'வை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பாய். முதலில் 'என் சொந்தக் காலில் நிற்க' என்று வைத்துக்கொண்டாய். அது எல்லாரும் சொல்கிறதுதான் என்று விட்டுவிட்டாய். கடைசியில், 'என் குரல் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டும் என்று கிளம்பினேன்' என்று முடிவாயிற்று. அதை இங்கிலீஷில் மாற்றிக்கொண்டு, வசந்தியைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைக்கும்போது தாலாட்டு மாதிரி முணுமுணுத்தாய். தூங்குகிற குழந்தைதான் அதை அதிகமாகக் கேட்டிருக்கும்.

அந்த இரண்டாவது இன்டர்வியூவுக்குக் கிளம்பின நாளைப் பற்றி நாம் அப்புறம் பேசிக்கொள்ளவே இல்லை, இல்லையா?

ஏரிக்கரையில் பாதி தூரம் வந்ததும் நின்றாய். செருப்பைக் கீழே போட்டாய். பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாய். உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. நான் கூச்சல் போட்டேன். கழனியில் மடை திருப்பிக்கொண்டிருந்த அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். சைக்கிளை எடுத்துவந்து உன்னைத் தூக்கப் பார்த்தான். நீ அவன் கையைத் தள்ளினாய்.

"மொதல்ல மரகதத்த பஸ் ஏத்திவுட்டுட்டு வா. அப்பால என்னக் கூட்டிகினு போ."

"இன்னா பேசற நீ? மூச்சு நிக்கறாப்புல கீது, பஸ்ஸாம்!"

"நான் இங்கியே குந்திகினு கீறேன். எனுக்கு ஒண்ணும் ஆவாது. அவ பஸ்ஸ வுட்டா, நான் வூட்டுக்கு வர மாட்டேன்."

நான் போக மாட்டேன் என்று அழுதேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, முகத்தைத் துடைத்துவிட்டாய். "அழுத மூஞ்சோட போவாத. போன்ல மூஞ்சி தெரியாது, ஆனா அழுத கொரல் தெரியும். போ" என்றாய். அண்ணன் என்னை சைக்கிளில் வைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, நான் ஏறினேனா என்று கூடப் பார்க்காமல் திரும்பி மிதித்தான். பஸ் ஜன்னலிலிருந்து ஏரிக்கரை தெரிந்தது. பனைமரத்தடியில் நீலமாக ஒரு புள்ளி. நீதான்.

அந்த வயதான அதிகாரிதான் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார், உன் பதிலை நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. சில எண்களைப் படிக்கச் சொன்னார்கள். ஒரு சேதியைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். குரல் தெளிவாக இருக்கிறது என்றார்கள். வேலை கிடைத்துவிட்டது.

திரும்பி வந்தபோது நீ பாயில் படுத்திருந்தாய். வேலை கிடைத்ததா என்று நீ கேட்கவில்லை. "கேட்டாரா?" என்றுதான் கேட்டாய்.

"கேக்கல அண்ணி."

"சரி வுடு." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாய். "கேக்கலன்னாலும் நீயா சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?" என்று சிரித்தாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கு இன்றைக்கு வரைக்கும் அது விளையாட்டாகத் தெரியவில்லை.

வேலைக்குப் போய் வந்த சாயங்காலங்களில் நான் உனக்கு எல்லாம் சொன்னேன். யார் பேசினார்கள், பம்பாயிலிருந்து வந்த டிரங்க் கால் எப்படி இரைந்தது, ஒரு சூப்பர்வைசர் பெண்டாட்டியிடம் எவ்வளவு பயந்து பேசினார், எல்லாம். "ஹலோ எப்படிச் சொன்ன, சொல்லிக் காட்டு" என்பாய். சொல்லிக் காட்டுவேன். "இன்னும் கொஞ்சம் மெதுவா. எதிர்ல இருக்கறவன் அவசரத்துல இருப்பான், நீ அவசரப்படாத" என்பாய். போனையே தொட்டுப் பார்க்காத நீ சொன்ன அந்த ஒன்றைத்தான் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறேன். உன்னை ஒருநாள் கம்பெனிக்கு அழைத்துப்போய் அந்த டெலிபோன் போர்டின் முன்னால் உட்காரவைத்துக் காட்ட வேண்டும் என்று இருந்தேன். மழை விடட்டும், உன் உடம்பு தேறட்டும், ஆபரேட்டர்களுக்கு மேலே இருந்த பெரிய மேடம் லீவில் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. நாள் பார்த்துக்கொண்டிருந்தேனே அண்ணி.

ஐப்பசி மழையில் உனக்கு மறுபடி முடியாமல் போனது. நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். இரண்டு நாளாகத் தேறி வருகிறாய் என்று சொன்னதால்தான் நான் வேலைக்குப் போயிருந்தேன். மத்தியானம் வெளியிலிருந்து ஒரு போன் வந்தது. எடுத்து, கம்பெனி பெயரைச் சொல்லி, வணக்கம் சொன்னேன். எதிர்முனையில் ஒருவர் அடித்தொண்டையில் கத்தினார்: "ஹலோ, அங்க மரகதம்னு என் தங்கச்சி கீறாளா?"

அண்ணன் அதற்கு முன்னால் போனில் பேசினதே இல்லை. என் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. "அண்ணா, நான்தான்" என்றேன். ஆஸ்பத்திரியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "கிளம்பி வா" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. நான் லைனை உடனே துண்டிக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, சேதிகளுக்கு வருகிறேன்.

முதல் சேதி. இன்டர்வியூவில் நடுவில் இருந்த அந்த வயதான அதிகாரி போன மாதம் ஓய்வு பெற்றார். கடைசி நாளில் ஒவ்வொரு பிரிவாக வந்து சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் வந்தபோது, எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"சார், ரொம்ப நாளைக்கு முன்னாடி இன்டர்வியூவில ஒரு பொண்ணுகிட்ட, வாழ்க்கையில என்ன செய்யக் கிளம்பினேன்னு இங்கிலீஷ்ல கேட்டீங்க. அந்தப் பொண்ணு ஆறு மணின்னு சொன்னா. ஞாபகம் இருக்கா சார்?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். நல்ல மனிதர்தான், உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "அந்தக் கேள்வியை நான் நிறையப் பேர்கிட்ட கேட்டிருக்கேம்மா. ஆறு மணின்னா சொன்னாங்க? இல்லையே, ஞாபகம் வரலையே." லேசாகச் சிரித்துவிட்டு, "அவங்களுக்கு வேலை கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார்."

"அடடா" என்றார். அப்புறம் மாலை போட யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

நீ வருஷக்கணக்காகத் தூக்கிச் சுமந்த ஒன்று, அவர் மனசில் ஒரு பொழுது கூட நிற்கவில்லை அண்ணி. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இதை அப்போதே நீ தெரிந்துகொண்டிருந்தால் உன் மனசு லேசாகியிருக்குமா, இன்னும் நொந்திருக்குமா? அன்றைக்கெல்லாம் இதையே யோசித்தேன்.

இரண்டாவது சேதி நம் வீட்டில் நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வசந்தி ஸ்கூலுக்குப் போகிறாள், தெரியுமா? உன் வாய் அப்படியே அவளுக்கு. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "நான் பெருசானா பஸ் ஓட்டுவேன்" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாருடி, பஸ் ஓட்டக் கிளம்பிட்டா மகாராணி!" என்றாள்.

அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்தான். "யம்மா, அந்தப் பேச்ச இந்த வூட்ல இனிமே பேசாத" என்றான். கத்தவில்லை. அவன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நான் பின்னாலேயே போனேன். பம்பு செட் கொட்டகை நிழலில் நின்றுகொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரில கடைசியா அரைத் தூக்கத்துல ஒண்ணு சொல்லிகினே இருந்தா. இங்கிலீஷு. எனுக்கு வெளங்கல. ஆனா நடுவுல அந்த செட்டு அவுட்டு வந்திச்சி. அது மட்டும் தெரிஞ்சிது. நான் சிரிச்சேனே, அந்த வார்த்த. அதுக்கு இன்னாதான் அர்த்தம் மரகதம்?"

சொன்னேன். ஊருக்குக் கிளம்புவது ஒன்று, ஒன்றைச் சாதிக்க வேண்டும் என்று கிளம்புவது இன்னொன்று. உன்னிடம் அவர்கள் கேட்டது இரண்டாவது. நீ அரைத் தூக்கத்தில் சொன்னது அதற்கு உண்டான பதிலாகத்தான் இருக்கும். அந்தப் பதிலையும் தமிழில் சொன்னேன்.

'என் குரல் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போக வேண்டும்.' அண்ணன் அதை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே, "என்னாண்ட ஒரு தபா சொல்லியிருக்கலாமே" என்றான். உடனே அவனே, "நான் எங்க கேட்டேன்?" என்றான்.

அவனுக்கு நான் என்ன சொல்ல? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அதற்குள் வசந்தி ஓடிவந்துவிட்டாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கே கிடந்த பலகையை இழுத்துப் போட்டான். அவளை முன்னால் உட்காரவைத்து, கையில் ஒரு முறத்தைக் கொடுத்தான். அவள் அதை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். அவன் பின்னால் குந்திக்கொண்டான். என் அண்ணனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை அண்ணி.

"எங்க போவணும் நைனா? சீக்கிரம் சொல்லு, வண்டி கிளம்பப் போவுது" என்று வசந்தி அதட்டினாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "எனுக்குன்னு எடம் இல்லம்மா. நீ எங்க போறேன்னு சொல்லு, நான் கூட வரேன்" என்றான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வாய் ஓயாமல் சொன்னாள். மெட்ராஸ் என்றாள், கடல் என்றாள், அப்புறம் இந்த உலகத்திலேயே இல்லாத ஏதேதோ ஊர்ப் பெயர்களைச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினான். வெயில் இறங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணி, உனக்கு இதைத்தான் சொல்லிவைக்க நினைத்தேன். உன் மகள் நாளைக்கு எதற்குக் கிளம்பினாலும் நான் அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, எதற்கு என்று மரியாதையாகக் கேட்பேன். பதிலை அவள் தட்டுத் தடுமாறிச் சொன்னாலும், தப்பாகவே சொன்னாலும், அவள் முடிக்கும் வரை யாரும் சிரிக்க விட மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் நாத்தனாராக வாய்த்து, தங்கையாக வாழ்ந்த
மரகதம்